ஒப்புக்கொடுத்தலும் உறைவிடமும்: கொடைக்கானல் மலையில் அமெரிக்க மதுரை மிஷனரிகளின் இழப்பும் இறைநம்பிக்கையும் (1834–1910)

ஆய்வுச்சுருக்கம்

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திற்கும் யாழ்ப்பாணத்திற்கும் வந்த அமெரிக்க மிஷனரிகள், தம் உயிரிழப்புகளையும் பிள்ளைகளைப் பிரிந்த துயரையும் இறைவனுக்கு ஒப்புக்கொடுத்த தியாகங்களாகக் கருதினர். இறைவன் அவற்றை வீணாக்கமாட்டார் என்னும் நம்பிக்கையே அவர்தம் எழுத்துகளின் அடித்தளம். அந்நம்பிக்கை மாறாத நிலையிலேயே, இழப்பைக் குறைக்கும் முயற்சிகளையும் அவர்கள் மேற்கொண்டனர். 1845இல் பழனி மலையில் எழுந்த ஓய்வில்லங்களும் 1901இல் தொடங்கிய உறைவிடப் பள்ளியும் அம்முயற்சியின் விளைவுகளாகும். தியாகத்தின் எல்லை எவ்வாறு மறுவரையறை செய்யப்பட்டது என்பதையும், அந்த மறுவரையறையில் தமிழ்க் கிறித்தவர்தம் தியாகம் எவ்விடத்தைப் பெற்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அமெரிக்க மதுரை மிஷன், கொடைக்கானல், தியாகம், இறைநம்பிக்கை, உறைவிடக் கல்வி, தமிழ்க் கிறித்தவம்.

முன்னுரை

தமிழ் அகராதியியல் வரலாற்றில் இரு அமெரிக்கர் பெயர்கள் தவறாது இடம்பெறுகின்றன. ஒருவர் மைரன் வின்சுலோ. 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவருடைய தமிழ்–ஆங்கிலப் பேரகராதி 1862இல் வெளிவந்தது. மற்றொருவர் ஜான் ஸ்கடர் சாண்ட்லர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் தொடங்கியபோது அதன் முதல் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றவர் அவரே. இருவரும் பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க வாரியத்தின் மிஷனரிகள். அவர்களுடைய தமிழ்ப்பணி விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது. அப்பணிக்கு அவர்தம் குடும்பங்கள் கொடுத்த விலையோ தமிழாய்வுகளில் பெரிதும் பேசப்படவில்லை.

அவ்விலையை அவர்கள் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்னும் வினா, சமய வரலாற்றிற்கு மட்டும் உரியதன்று. சமூக வரலாற்றிற்கும் உரியது. ஓர் இழப்பைத் 'தியாகம்' என்று பெயரிடும்போது அதற்கு ஒரு பொருளும் மதிப்பும் ஏற்படுகின்றன. அப்பெயரைப் பெறாத இழப்பு கணக்கில் சேர்வதில்லை. இக்கருத்தை முன்வைத்துக் கொடைக்கானலின் தொடக்ககால வரலாற்றை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். மிஷன் மதுரையில் கால்கொண்ட 1834ஆம் ஆண்டிலிருந்து எடின்பரோ உலக மிஷனரி மாநாடு கூடிய 1910ஆம் ஆண்டுவரை ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகிறது. இம்மரபின் வேர்களைக் காட்டுவதற்காக அதற்கு முற்பட்ட யாழ்ப்பாணச் செய்திகள் சிலவும் எடுத்தாளப்படுகின்றன.

தியாகக் கருத்தின் பின்புலம்

அமெரிக்க வாரியம் 1810இல் நியூ இங்கிலாந்துப் பகுதியின் சபைகளால் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைமுறையினர்மீது சாமுவேல் ஹாப்கின்ஸ் என்னும் இறையியலாளரின் செல்வாக்கு மிகுதி. தன்னலம் சிறிதும் கலவாத நன்மையே உண்மையான பக்தி என்பது அவர் கொள்கை. இறைவனுடைய மேலான நோக்கத்திற்காகத் தன் நலத்தை முழுமையாக விட்டுக்கொடுக்க ஒருவர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என அக்கொள்கை வற்புறுத்தியது. இதன்படி, தியாகம் என்பது பக்தியின் விளைவு மட்டுமன்று. பக்தியின் உரைகல்லும் ஆகும்.

இக்கொள்கைக்கு முகம் கொடுத்தவர் ஹேரியட் நியூவெல். 1812இல் வாரியம் அனுப்பிய முதல் குழுவில் கணவர் சாமுவேல் நியூவெலுடன் புறப்பட்ட அவர், கடற்பயணத்தில் பிறந்த குழந்தையை இழந்து, அவ்வாண்டு நவம்பரில் மொரீசியசுத் தீவில் 19 வயதில் இறந்தார். எந்த மிஷன் களத்திலும் அவர் பணியாற்றவில்லை. ஆயினும் அவருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் கொண்டு வெளியான நினைவுநூல் அமெரிக்க வீடுகளில் பலமுறை அச்சேறிப் பரவியது. பணி நிறைவேறாதபோதும் ஒப்புக்கொடுத்தல் நிறைவேறிவிட்டது என்னும் எண்ணத்தை அந்நூல் வேரூன்றச் செய்தது. மனைவியை இழந்த சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தார். 1816இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் தொடங்கியது.

யாழ்ப்பாணத்திலும் அதே வகை எழுத்து தொடர்ந்தது. மைரன் வின்சுலோவின் துணைவி ஹேரியட் வின்சுலோ, உடுவிலில் 1824இல் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியைத் தொடங்கி நடத்தியவர். கல்வியை முன்னிட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட அவருடைய மூத்த மகன் 1832இல் அங்கே இறந்தான். அடுத்த ஆண்டு சனவரியில் ஹேரியட் உடுவிலில் மறைந்தார். அவரைப் பற்றிய நினைவுநூலைக் கணவரே தொகுத்து 1835இல் வெளியிட்டார். அகராதி தொகுத்த கைகளே இந்நினைவுநூலையும் தொகுத்தன என்பது கருதத்தக்கது.

இந்நூல்களில் துயரம் மறைக்கப்படுவதில்லை, வரம்புக்குட்படுத்தப்படுகிறது. புலம்பல் ஓரளவுக்கு இடம்பெறும். பின்னர் அது இறைவிருப்பத்திற்கு இணங்கும் சொற்களில் அடங்கும். தமிழ்க் கிறித்தவ வழக்கில் இதனைக் குறிக்கும் சொல் 'ஒப்புக்கொடுத்தல்' என்பதாகும். பொறுப்பான ஒருவரிடம் ஒரு பொருளைக் கையளித்தல் என்பதே அச்சொல்லின் உலகியற் பொருள். கையளிப்பவர் பொருளை இழக்கிறார். ஆயினும் பெற்றுக்கொண்டவர் அதனைக் காப்பார் என்று நம்புகிறார். இழத்தலும் நம்புதலும் ஒரே சொல்லில் இணைந்துள்ளமையால், மிஷனரிகளின் மனநிலையை விளக்க இச்சொல் மிகப் பொருத்தமாக அமைகிறது.

சமவெளியும் நோயும்

யாழ்ப்பாண மிஷனின் கிளையாக 1834இல் மதுரை மிஷன் உருப்பெற்றது. முதல் பத்தாண்டுகளிலேயே காய்ச்சலும் காலராவும் மிஷனரிக் குடும்பங்களைத் தாக்கின. சிலர் இறந்தனர், சிலர் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பினர். நோய்க்காரணம் அன்று அறியப்படவில்லை. காலராக் கிருமியைக் கல்கத்தாவில் ராபர்ட் காக் உறுதிசெய்தது 1884இல். மலேரியா பரவக் கொசு காரணம் என்பதைச் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897இல். அதற்கு முன்னர் நச்சுக்காற்றே நோயைத் தருகிறது என்னும் கருத்து நிலவியது. ஆகவே தூய காற்றைத் தேடி உயரமான இடங்களுக்குச் செல்வதே அறியப்பட்ட மருத்துவமாக இருந்தது.

மிஷனரிகள் முதலில் தேர்ந்தது திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலை. அங்கும் காய்ச்சல் விடவில்லை. கொசுப் பெருக்கத்தைத் தடுக்கும் அளவுக்குச் சிறுமலை உயரமானதன்று என்பது இன்று விளங்கும் காரணம். அதன்பின் அவர்கள் பழனி மலையை நாடினர். பி.எஸ். வார்டு என்னும் படைத்துறை அலுவலர் 1821இல் அம்மலையை நில அளவை செய்திருந்தார். பளியர், புலையர் ஆகிய குடிகளும் வேளாண் குடியினரும் வாழ்ந்த மலை அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் 1845இல் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' எனப் பெயரிட்ட இரு இல்லங்கள் எழுந்தன. அவ்வாண்டு கோடையில் அமெரிக்கக் குடும்பங்கள் அவற்றில் தங்கின. கொடைக்கானல் என்னும் மலைநகரத்தின் தொடக்கம் இதுவே.

இங்கு ஒரு வினா எழுகிறது. உயிரையே ஒப்புக்கொடுத்ததாகக் கருதியவர்கள் உயிரைக் காக்க மலையேறியது நம்பிக்கைக் குறைவாகாதா? அவர்களுடைய நடைமுறையே இதற்கு விடையளிக்கிறது. மலை, பணியைக் கைவிடும் இடமாக அமையவில்லை. பணியைத் தொடர்வதற்குரிய வழியாகவே அமைந்தது. தாயகம் திரும்புதல் என்பது நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதங்கள் செல்லும் கப்பற்பயணம். பெரும்பாலும் பணியின் முடிவு. மலையேற்றமோ சில நாள்களில் முடியும். இறைவனை நம்புதல் என்பதில் இறைவன் தந்த வழிகளைப் பயன்படுத்துதலும் அடங்கும் என்னும் விளக்கத்தைச் சீர்திருத்த சபையின் இறையியலே இடங்கொடுத்து ஏற்றது. தேவையற்ற இழப்பு தியாகமாகாது என்னும் முதல் எல்லைக்கோடு இவ்வாறு வரையப்பட்டது.

வைகையில் ஒரு மரணம்: 1862

இவ்வெல்லைக்கோடு எல்லா இழப்பையும் தடுத்துவிடவில்லை. டேவிட் காய்ட் ஸ்கடர் 1861இல் மதுரை மிஷனுக்கு வந்தார். மலையடிவாரத்திலுள்ள பெரியகுளம் அவருக்குரிய நிலையம். 1862 நவம்பரில் வைகையாற்றைக் கடக்க முயன்றபோது வெள்ளம் அவரை அடித்துச் சென்றது. அப்போது அவருக்கு வயது 27. தமிழைக் கற்று முறையான பணியில் அடியெடுத்து வைத்த நிலையில் அம்மரணம் நேர்ந்தது.

ஹேரியட் நியூவெலின் மரணத்திற்கும் இதற்கும் அரை நூற்றாண்டு இடைவெளி. ஆயினும் எழுத்து வடிவம் மாறவில்லை. பின்னாளில் அமெரிக்க இலக்கிய இதழ் ஒன்றின் ஆசிரியராகப் புகழ்பெற்ற தம்பி ஹோரஸ் ஸ்கடர், தமையனின் வாழ்க்கையையும் கடிதங்களையும் தொகுத்து 1864இல் நூலாக்கினார். தொடக்கத்திலேயே முறிந்த பணியையும் இறைத்திட்டத்தின் பகுதியாகக் காணும் நோக்கு, முன்னைய நினைவுநூல்களின் வழியில் இந்நூலிலும் தொடர்கிறது.

டேவிட் இறந்தபோது, மதுரையில் பிறந்த அவருடைய மகளுக்கு ஒரு வயதும் நிறையவில்லை. தாய் குழந்தையுடன் பாஸ்டன் திரும்பினார். அக்குழந்தையே விடா டட்டன் ஸ்கடர். வெல்லெஸ்லி கல்லூரியில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராகவும், ஏழைத் தொழிலாளர் பகுதிகளில் சமூகப் பணியில் ஈடுபட்டவராகவும், கிறித்தவ சமவுடைமைச் சிந்தனையாளராகவும் அவர் அறியப்படுகிறார். தந்தை ஒப்புக்கொடுத்த வாழ்வின் பயனாக இதனைக் கொள்ளலாமா என்பது நம்பிக்கையாளர்க்குரிய வினா. தியாகம் என்று கூறப்படுவதன் சுமையில் ஒரு பகுதி, அதனைத் தேர்ந்தெடுக்காதவர்மீதும் விழுகிறது என்பதே வரலாற்றாய்வாளர் இதில் காணும் செய்தி.

பிள்ளைகளைப் பிரிதல்

தேர்ந்தெடுக்காதவருள் முதன்மையானோர் பிள்ளைகள். வெப்பமும் நோயும் ஒருபுறம். அமெரிக்க முறையிலான கல்வி இன்மை மறுபுறம். சூழலின் பழக்கவழக்கங்கள் பிள்ளைகளைப் பற்றிக்கொள்ளும் என்னும் அச்சம் இன்னொருபுறம். இக்காரணங்களால் மிஷனரிகள் தம் பிள்ளைகளை இளவயதிலேயே அமெரிக்காவிலுள்ள உறவினரிடமோ நண்பரிடமோ அனுப்பினர். மீண்டும் சந்திக்கப் பல ஆண்டுகள் ஆகும். சிலர் சந்திக்கவே இல்லை. சூயசுக் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டுப் பயணக்காலம் குறைந்த பின்னரும் வழக்கம் மாறவில்லை.

இப்பிரிவுக்கு மிஷனரிகள் திருமறையில் முன்மாதிரிகளைக் கண்டனர். ஈசாக்கைப் பலியிடச் சென்ற ஆபிரகாம், பொருத்தனையின்படி சாமுவேலை ஆலயத்தில் விட்டு ஆண்டுதோறும் சிறிய மேலாடை தைத்துக் கொண்டுசென்ற அன்னாள் ஆகியோர் அவருள் குறிப்பிடத்தக்கவர். தமிழ்ச் சூழலுக்கு இக்கருத்து புதியதன்று. பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வரலாறு, அடியார்க்காகப் பெற்ற மகனையே கொடுத்த தந்தையைக் காட்டுகிறது. ஆபிரகாம் வரலாற்றிலும் சிறுத்தொண்டர் வரலாற்றிலும் ஒரு பொதுக்கூறு உண்டு: கொடுத்த பிள்ளை திரும்பக் கிடைக்கிறது. ஈசாக்கிற்குப் பதில் ஆட்டுக்கடா வருகிறது. சீராளன் பள்ளியிலிருந்து ஓடிவருகிறான். கொடுத்தவர் நம்பிக்கை கதைக்குள்ளேயே நிறைவேறுகிறது. மிஷனரிப் பெற்றோர்க்கு அந்நிறைவு உறுதியாக இல்லை. வின்சுலோ தம்பதியரின் மகன் திரும்பவில்லை. ஆகவே அவர்தம் நம்பிக்கை, பலன் கண்டு கொண்ட நம்பிக்கையன்று. பலன் காணாமலே தொடர்ந்த நம்பிக்கை எனலாம்.

பிள்ளைகளின் பக்கத்திலிருந்து இதனைக் காட்டுவது ஐடா ஸ்கடரின் வாழ்க்கை. 1870இல் இராணிப்பேட்டையில் மருத்துவ மிஷனரி குடும்பத்தில் பிறந்த அவர், 1880களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உறவினரிடம் விடப்பட்டார். தாயும் புறப்பட்டுச் சென்ற இரவில் தாயின் தலையணையைப் பற்றிக்கொண்டு அழுத சிறுமியாகவே அவருடைய வாழ்க்கை வரலாறுகள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. மிஷனரியாக வரப்போவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1890இல் நோயுற்ற தாயைக் காணத் திண்டிவனம் வந்தபோது, ஆண் மருத்துவரை ஏற்காத வீடுகளில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மனம் மாறினார். பிற்காலத்து வேலூர் மருத்துவக் கல்லூரி அம்மாற்றத்தின் விளைவு. அவர் இறந்தது 1960 மே மாதத்தில், கொடைக்கானலிலிருந்த தம் இல்லத்தில். ஐடாவின் பிற்காலப் பணியைச் சுட்டி, பிள்ளைப்பருவப் பிரிவு நியாயமாகிவிட்டது என்று கூறுவது எளிது. ஆனால் இருபது வயதுவரை அவர் கொண்டிருந்த மறுப்பும் அதே வாழ்க்கையின் சான்றுதான். பெற்றோரின் ஒப்புக்கொடுத்தலைப் பிள்ளையும் தானாகவே ஏற்றுக்கொள்வதில்லை.

உறைவிடப் பள்ளி: 1901

இச்சூழலில்தான் கொடைக்கானல் பள்ளியின் தோற்றத்தை மதிப்பிட வேண்டும். 1901இல் 'ஹைகிளார்க்' என்னும் கட்டடத்தில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென அப்பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்த மாணவர் 13 பேர். அதன் முதல் தலைவியாகப் பொறுப்பேற்ற மார்கரெட் எட்டி, இந்தியாவில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் பணியாற்றிய ஷெர்வுட் எட்டியின் தாயார். வளர்ந்த மகனை இந்தியாவுக்குக் கொடுத்த தாய் ஒருவர், பிற பெற்றோர் தம் இளம்பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பவேண்டா நிலையை உருவாக்கினார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

பள்ளியால் பிரிவு நீங்கவில்லை. அதன் அளவு மாறியது. பிள்ளைகள் மலையில் தங்கினர்; பெற்றோர் சமவெளியில் பணியாற்றினர். கோடைப்பருவத்தில் பெற்றோர் மலையேறினர். நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் சமவெளிக்கு இறங்கினர். ஆண்டுக்கணக்கான பிரிவு மாதக்கணக்கில் சுருங்கியது. ஆண்டுதோறும் மேலாடையுடன் வந்த அன்னாளின் நிலைக்கு அவர்கள் வந்துசேர்ந்தனர் எனலாம்.

இம்மாற்றத்தை நம்பிக்கையின் தளர்ச்சியாகக் கருதுதல் பொருந்தாது. 1830களில் பிள்ளையைப் பிரிதல் இறைவன் கேட்கும் பலியாக விளங்கியது. 1901இல் அதே பிரிவு, மனித ஏற்பாட்டால் தவிர்க்கத்தக்க துன்பமாகக் கருதப்பட்டது. இறைவன் மாறவில்லை, இறைவன் கேட்பது எது என்னும் புரிதல் மாறியது. இருப்புப்பாதையும் விரைவுக் கப்பலும் மலைநகர வளர்ச்சியும் அப்புரிதலுக்குப் புறக்காரணங்கள். மதுரை வட்டாரத்திற்கு 1875இல் தொடர்வண்டி வந்தபின், அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி அடிவாரம் சேர்வது எளிதாயிற்று. அங்கிருந்து மலைப்பாதையில் நடந்தோ குதிரையிலோ சுமைகாரர் தூக்கிய டோலியிலோ மேலே செல்லவேண்டும். மிஷனரிக் குடும்பங்களின் துயரைக் குறைத்த இவ்வழியில் தமிழ்த் தொழிலாளரின் தோள்களுக்கும் பங்கு உண்டு.

செண்பகனூர்: வேறொரு தியாக வடிவம்

இதே மலையில் கத்தோலிக்கத் துறவியரின் மரபும் நிலைகொண்டது. இயேசு சபையின் பழைய மதுரை மிஷன், 1693இல் ஓரியூரில் உயிர்நீத்த அருளானந்தர் எனப்படும் ஜான் டி பிரிட்டோவின் நினைவைப் போற்றியது. சபை ஒடுக்கப்பட்டு மீண்டும் உயிர்பெற்றபின், 1830களின் பிற்பகுதியில் பிரெஞ்சுத் துறவியர் மதுரைப் பணியைப் புதுப்பித்தனர். கொடைக்கானலில் லூயி செயின்ட் சிர் அடிகளார் 1866இல் சலேத்து அன்னை ஆலயத்தை எழுப்பினார். 1895இல் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரி தோன்றியது.

இரு மரபினரும் ஒரே நோய்ச்சூழலை எதிர்கொண்டு ஒரே மலையை நாடினர். ஆனால் அவர்தம் தியாக வடிவம் வேறு. துறவியர் மணத்தையும் மக்கட்பேற்றையும் வார்த்தைப்பாட்டின் வழியே தொடக்கத்திலேயே துறந்துவிட்டனர். அத்துறவு அவர்களுடைய சொந்தத் தேர்வு. அதன் சுமை இன்னொருவருடைய பிள்ளைப்பருவத்தின்மீது விழுவதில்லை. அமெரிக்க மிஷனரியோ குடும்பத்தோடு வந்தார். எனவே தியாகமும் குடும்பத்தினுடையதாயிற்று. கொடைக்கானலில் பள்ளியும் செண்பகனூரில் துறவியர் பயிற்சிக் கல்லூரியும் எழுந்தமைக்கு இவ்வேறுபாடு தக்க விளக்கமாகும்.

தமிழ்க் கிறித்தவரின் தியாகம்

கொடைக்கானலில் முதல் இல்லங்கள் எழுந்த அதே 1845ஆம் ஆண்டில், திருமங்கலத்தில் வில்லியம் டிரேசி நடத்திய மிஷன் கல்விக்கூடம் மதுரைக்கு அருகிலுள்ள பசுமலைக்கு மாற்றப்பட்டது. ஒன்று மிஷனரிகள் இளைப்பாறிய மலை. மற்றொன்று தமிழ் உபதேசியார்களும் ஆசிரியர்களும் உருவான மலை. பசுமலையில் பயின்றோர் காலராக் காலத்திலும் 1876–78ஆம் ஆண்டுகளின் தாதுவருடப் பஞ்சத்திலும் சமவெளிச் சிற்றூர்களிலேயே பணியாற்றினர். கோடைக்கு ஏறிச்செல்லும் மலை அவர்களுக்கு இல்லை.

மதம் மாறியோர் இழந்தவற்றைச் சட்ட வரலாறே காட்டுகிறது. சமயம் மாறியவர் குடும்பச் சொத்தில் உரிமை இழக்கும் நிலை இருந்தது. அதனை நீக்க 1850இல் 21ஆம் எண் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் சொத்தைக் காத்தது; உறவைக் காக்க இயலவில்லை. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, பன்யனின் ஆங்கில நூலைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். மனைவி மக்கள் அழைக்கவும் நில்லாது மீட்பை நாடிப் புறப்படும் பயணியின் கதை அது. உறவைப் பிரிந்து சமயம் புகுந்த தமிழ் வாசகர்க்கு அக்கதை மொழிபெயர்ப்புச் செய்தியாக மட்டும் இருந்திருக்க இயலாது.

மிஷனே கேட்ட தியாகமும் உண்டு. 1847இல் மதுரை மிஷன் சாதியைக் கைவிடுதலை உறுப்பினர்க்கும் பணியாளர்க்கும் கட்டாயமாக்கியது. சாதி வேறுபாடின்றி உடனுண்ணுதல் அதற்குரிய சோதனையாயிற்று. இணங்காத உபதேசியார் பலர் பணியிழந்தனர். பசுமலை மாணவர் பலர் வெளியேறினர். சமத்துவத்தை நோக்கிய அவ்விதியின் நியாயம் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் இணங்கியோர் தம் உறவினரிடையே அடைந்த இழப்பைப் போற்றும் நினைவுநூல் மரபு உருவாகவில்லை.

உறைவிடக் கல்வியிலும் இவ்வேறுபாடு புலப்படுகிறது. உடுவிலிலும் பசுமலையிலும் தமிழ்ப் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து தங்கிப் பயின்றனர். அப்பிரிவு மிஷன் நோக்கில் பிள்ளைகளுக்குக் கிடைத்த வாய்ப்பு. மிஷனரிப் பிள்ளைகளின் பிரிவோ பெற்றோர் செய்த தியாகம். பிரிவு ஒன்றே, பெயர் இரண்டு. எது தியாகம் என்று பெயரிடும் உரிமை எவரிடம் இருந்தது என்பதை இது காட்டுகிறது.

இவ்வேறுபாட்டை உலக அரங்கில் வெளிப்படுத்தியவர் ஒரு தமிழர். திருநெல்வேலிப் பகுதியின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே.ச. அசரியா, 1903இல் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தின் நிறுவனருள் ஒருவர். அச்சங்கம் தமிழ்ச் சபைகளின் பணத்தைக் கொண்டு தமிழ்ப் பணியாளரைத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதிக்கு அனுப்பியது. மொழியும் ஊரும் விட்டுச்சென்ற அவர்தம் பயணமும் ஒப்புக்கொடுத்தலே. 1910இல் எடின்பரோ மாநாட்டில் பேசிய அசரியா, மேலைநாட்டு மிஷனரிகளின் ஈகத்தை இந்தியத் திருச்சபை நன்றியோடு நினைக்கும் என ஏற்றுக்கொண்டார். ஆனால் ஈகத்தோடு நட்பும் வேண்டும் எனக் கேட்டார். மாநாட்டில் அது சலசலப்பை ஏற்படுத்தியது. அவருடைய நெடுநாள் நண்பர், கொடைக்கானல் பள்ளியின் முதல் தலைவியின் மகனான ஷெர்வுட் எட்டி. எனவே, அசரியாவின் சொற்களை மிஷனரிகளை அறியாதவர் கூறிய குறையாகக் கொள்ள இயலாது. நட்பை அறிந்தவர், அது அரிதாக இருப்பதைச் சுட்டிய சொற்கள் அவை.

முடிவுரை

அமெரிக்க மிஷனரிகளின் இறைநம்பிக்கை மாற்றமின்றி நின்ற ஒன்றாகவே நினைவுநூல்களில் தோன்றுகிறது. கொடைக்கானலின் கட்டடங்களோ வேறொரு வரலாற்றையும் சொல்கின்றன. 1845இன் இல்லங்கள், தவிர்க்கத்தக்க மரணம் தியாகமாகாது என்பதை உணர்த்தின. 1901இன் பள்ளி, தவிர்க்கத்தக்க பிரிவும் தியாகமாகாது என்பதை உணர்த்தியது. ஒவ்வொரு படியிலும் இறைவனிடம் ஒப்புக்கொடுப்பதற்கும் மனிதர் பொறுப்பேற்பதற்கும் இடையிலான எல்லை நகர்ந்தது. நம்பிக்கை குன்றியதன் அடையாளமாக இதனைக் கொள்வதற்கில்லை. தம் நம்பிக்கையின் செலவைப் பிள்ளைகள்மீது சுமத்தலாகாது என்னும் அறவுணர்வு, அந்நம்பிக்கைக்குள்ளேயே முதிர்ந்ததன் அடையாளம் இது.

அவ்வறவுணர்வு தமிழ்ப் பணியாளரின் இல்லங்கள்வரை விரியவில்லை என்பது இவ்வரலாற்றின் மறுபக்கம். மிஷனரியின் இழப்பு நூலாகவும் கல்லறை எழுத்தாகவும் நிலைத்தது. உபதேசியாரின் இழப்பு பெரும்பாலும் ஆண்டறிக்கையின் ஒரு வரியில் அடங்கியது. இருவரும் நம்பியது ஒரே இறைவனை. எவருடைய ஒப்புக்கொடுத்தலும் வீணாகாது என்பது அந்நம்பிக்கையின் சாரமாயின், பதிவு பெற்ற தியாகங்களை மட்டும் கொண்டு எழுதப்படும் மிஷன் வரலாறு அந்நம்பிக்கைக்கே நியாயம் செய்வதாகாது. சபைப் பதிவேடுகள், தமிழ்க் கிறித்தவ இதழ்கள், குடும்ப வாய்மொழி மரபுகள் ஆகியவற்றைக் கொண்டு தமிழ்ப் பணியாளரின் தியாக வரலாற்றை எழுதுவது தமிழாய்வின் கடமையாகும்.